செயல்முறைப் படத்தில் தரவும் முடிவும் எங்கே உட்கார வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிஎம்என் (BPMN, ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சின்னங்களால் வரையும் முறை) படம் வரையப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதை வரைந்தாயிற்று, யார் செய்கிறார்கள் என்பதையும் போட்டாயிற்று. ஆனால் எந்தத் தகவலைப் பார்த்து என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பது மட்டும் படத்துக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கும். திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லா பதிலுக்கும் ஒரே உதாரணம்தான், நகைக்கடன். 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி இதற்குப் புது விதிகள் வெளியிட்டது. நுகர்வுத் தேவைக்காக ஒருவர் வாங்கும் மொத்த நகைக்கடன் 2.5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் நகை மதிப்பில் 85% வரை கொடுக்கலாம். 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 80%, அதற்கும் மேலே போனால் 75%. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் இதற்கு மாறிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. மூன்றே வரி விதி. இதில் எவ்வளவு சிக்கல் ஒளிந்திருக்கிறது என்பது கீழே போகப் போகத் தெரியும்.

பிபிஎம்என், டிஎம்என்னு ரெண்டு சொல்றாங்களே, ஒண்ணு போதாதா?

பிபிஎம்என் வேலையின் ஓட்டத்தை வரைவதற்கு. வாடிக்கையாளர் நகையோடு வருகிறார், மதிப்பீட்டாளர் எடை போடுகிறார், அதிகாரி ஒப்புதல் தருகிறார், பணம் போகிறது, நகை பெட்டகத்துக்குள் போகிறது. டிஎம்என் (DMN) அந்த ஓட்டத்துக்கு நடுவில் எடுக்கும் முடிவை அட்டவணையாக எழுதுவதற்கு. எவ்வளவு கடன் கொடுக்கலாம், யார் ஒப்புதல் தர வேண்டும், இந்த நகையை ஏற்கலாமா கூடாதா என்பது போல.

இரண்டையும் பராமரிப்பது ஓஎம்ஜி (OMG) என்ற ஒரே தர நிர்ணய அமைப்புதான். பிபிஎம்என் 2.0 வந்தது 2011-இல், டிஎம்என் 1.0 வந்தது 2015-இல். இந்த நான்கு வருட இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

கேட்வேயிலேயே முடிவு எடுத்துடலாமே, தனியா டேபிள் எதுக்கு?

கேட்வே (படத்தில் பாதை பிரியும் இடத்துச் சாய்சதுரச் சின்னம்) முடிவு எடுக்காது, எடுத்த முடிவைப் பார்த்து வழி பிரிக்கும். ஊர் எல்லையில் நிற்கும் கைகாட்டி மாதிரி: எந்தப் பாதை எங்கே போகிறது என்று காட்டும், நீங்கள் எங்கே போக வேண்டும் என்பதை அது சொல்லாது. முடிவு கேட்வேக்கு முந்தைய டாஸ்க்கிலேயே, அதாவது முந்தைய வேலைப் பெட்டியிலேயே, எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேட்வேயை வைத்தே எல்லாவற்றையும் வரைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கடன் தொகைக்கு மூன்று கிளை. நகையா நாணயமா என்பதற்கு ஒவ்வொன்றிலும் இரண்டு. வட்டியை மாதாமாதம் கட்டுகிறாரா, முடிவில் மொத்தமாகக் கட்டுகிறாரா என்பதற்கு இன்னும் இரண்டு. பன்னிரண்டு கோடுகள் வந்துவிட்டன, இத்தனைக்கும் இதில் ஒருவர்கூட ஒரு வேலையும் செய்யவில்லை. இப்படி வரைந்த படத்தைக் கிளை மேலாளரிடம் காட்டினால் தலையாட்டுவார், ஆனால் படித்திருக்க மாட்டார். அதே பன்னிரண்டையும் அட்டவணையில் போட்டால் ஒரே பக்கம், நாலாவது வரி தப்பு என்று அவரே விரல் வைத்துக் காட்டுவார்.

அப்போ கேட்வேயே வேண்டாமா?

வேண்டும். பிசினஸ் ரூல் டாஸ்க் ஒன்றைப் போடுங்கள் (மூலையில் குட்டி அட்டவணைச் சின்னம் இருக்குமே, அதுதான்). அது டிஎம்என் அட்டவணையைக் கூப்பிட்டு ஒரு விடையை வாங்கி வைக்கும். அடுத்து வரும் கேட்வே அந்த ஒரே விடையை மட்டும் பார்க்க வேண்டும்: 'ஏற்பு', 'மறுப்பு', 'மேலதிகாரிக்கு அனுப்பு'. கேட்வே நிபந்தனையில் இரண்டு பெருக்கலும் ஒரு ஒப்பீடும் எழுதிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது என்று பொருள், எடுத்து வெளியே வையுங்கள்.

இதற்காக 'வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டாரா, ஆம்/இல்லை' என்பதற்கெல்லாம் அட்டவணை போடக் கிளம்பாதீர்கள். அதற்குக் கேட்வேயே போதும்.

டேட்டா ஆப்ஜெக்ட், டேட்டா ஸ்டோர், ரெண்டுமே தகவல்தானே, என்ன வித்தியாசம்?

ஆயுள்தான் வித்தியாசம். டேட்டா ஆப்ஜெக்ட் (ஓரம் மடித்த காகிதச் சின்னம்) அந்த ஒரு விண்ணப்பத்தோடு பிறந்து, அந்த விண்ணப்பம் முடிந்ததும் முடிந்துவிடும். மதிப்பீட்டுச் சீட்டு அப்படிப்பட்டது. டேட்டா ஸ்டோர் (உருளைச் சின்னம்) இந்த விண்ணப்பம் வருவதற்கு முன்பும் இருந்தது, முடிந்த பிறகும் இருக்கும். வாடிக்கையாளரின் பழைய கடன் கணக்குகள் அப்படி.

இந்த உதாரணத்தில் இது வெறும் சின்னப் பிரச்சினை இல்லை. விதியில் 'ஒருவர் வாங்கும் மொத்தக் கடன்' என்று இருக்கிறது, கவனித்தீர்களா? இன்று ஒரு லட்சம் கேட்டு வந்தவருக்கு ஏற்கெனவே இரண்டு லட்சம் நகைக்கடன் இருந்தால் அவர் மூன்று லட்சக்காரர், 85% வரிசை அவருக்குக் கிடையாது. விண்ணப்பப் படிவத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் படம் இங்கேயே தவறிவிடும். டேட்டா ஸ்டோரில் இருந்து முடிவு டாஸ்க்குக்கு வரும் ஒரு புள்ளிக்கோட்டு அம்புக்குறியை விட்டுவிட்டால், நிரல் எழுதுபவருக்கு அந்தத் தகவல் தேவை என்பதே தெரியாது.

இன்னொன்று, டேட்டா ஆப்ஜெக்ட்டின் பெயருக்குக் கீழே சதுர அடைப்பில் அதன் நிலையை எழுதலாம்: மதிப்பீட்டுச் சீட்டு [வரைவு], மதிப்பீட்டுச் சீட்டு [ஒப்புதலானது]. எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் எந்த நிலையில் இருக்கும் தாளைப் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்று தணிக்கைக்காரர் கேட்கும்போது கை கொடுப்பது அதுதான்.

படத்துல டேட்டா எல்லாம் அழகா போட்டேன், ஓட விட்டா ஒண்ணும் வரலையே?

வராது. நிறைய எஞ்சின்களுக்கு (படத்தை இயக்கும் மென்பொருள்களுக்கு) டேட்டா ஆப்ஜெக்ட் வெறும் படம்தான். கமுண்டா என்ற எஞ்சின் அதைக் கண்டுகொள்வதே இல்லை, அங்கே தகவல் ஓடுவது செயல்முறை மாறிகள் (தகவலைப் பெயரிட்டு வைக்கும் இடங்கள்) வழியாக. ஃப்ளோவபிள் என்ற இன்னொரு எஞ்சின் அதையே மாறியாக எடுத்துக்கொள்ளும். உங்கள் கருவி இதில் எந்த ரகம் என்பதை அதன் கையேட்டில் முதலில் பார்த்துவிடுங்கள்.

படத்தில் உள்ள பெயரும் மாறியின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். படத்தில் 'நிகர எடை', மாறியில் 'எடை2' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் புரியாது. அப்புறம், நகைப் புகைப்படம், ஆதார் நகல் போன்ற பெரிய கோப்புகளை மாறிக்குள் திணிக்காதீர்கள். கோப்பு ஆவணக் கிடங்கில் இருக்கட்டும், மாறியில் அதன் எண் மட்டும் போதும்.

அட்டவணையே நேரா தங்க விலையை எடுத்துக்காதா? நாம எதுக்குக் கொண்டு போய்க் கொடுக்கணும்?

சில கருவிகளில் முடியும். செய்யாதீர்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, அந்தத் தூய்மைக்கான 30 நாள் சராசரி முடிவு விலை, முந்தைய நாள் முடிவு விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். தினமும் மாறும் எண் இது. அட்டவணை தானாகப் போய் விலையை எடுத்தால், மூன்று மாதம் கழித்து 'இவருக்கு ஏன் இந்தத் தொகை' என்று கேட்டு அதே முடிவைத் திரும்ப ஓட்டும்போது வேறு விடை வரும். அதனால் ஒரு சர்வீஸ் டாஸ்க் (மென்பொருள் தானே செய்யும் வேலை) போய் விலையை எடுத்து, எடுத்த தேதியோடு சேர்த்து மதிப்பீட்டுச் சீட்டில் எழுதட்டும். அட்டவணை அந்தச் சீட்டை மட்டும் பார்க்கட்டும். கொடுத்த உள்ளீடு அதே என்றால் விடையும் அதே, சோதிப்பதும் எளிது.

மதிப்பீடு மாலை நான்கு மணிக்கு, ஒப்புதல் மறுநாள் காலையில் என்றால் எந்த விலை? இதற்கு மென்பொருளில் பதில் தேடாதீர்கள், கடன் பிரிவிடம் கேளுங்கள். கேட்டு வந்த பதிலைப் படத்தில் காட்டுங்கள், மறுநாள் ஆனால் விலை டாஸ்க்குக்குத் திரும்பிப் போகும் ஒரு கோடாக.

ஹிட் பாலிசின்னு ஒரு எழுத்து போடச் சொல்லுதே, எதைப் போடறது?

ஒரே நேரத்தில் எத்தனை வரிகள் பொருந்தலாம், பொருந்தினால் என்ன செய்வது என்பதைச் சொல்வது அது. யுனிக் என்றால் ஒரே ஒரு வரிதான் பொருந்த வேண்டும். ஃபர்ஸ்ட் என்றால் மேலிருந்து முதலில் பொருந்துவது. எனி என்றால் பல வரிகள் பொருந்தலாம், ஆனால் எல்லாம் ஒரே விடை சொல்ல வேண்டும். கலெக்ட் என்றால் பொருந்திய எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும், கூடவே கூட்டலாம், மிகச் சிறியதையோ பெரியதையோ எடுக்கலாம், எண்ணவும் செய்யலாம். இன்னும் சில உண்டு, தினசரி வேலைக்கு இவை போதும்.

எதுவும் தெரியவில்லை என்றால் யுனிக். நம் சதவீத அட்டவணை அப்படித்தான்: <= 250000 என்றால் 85, (250000..500000] என்றால் 80, > 500000 என்றால் 75. வளைவு அடைப்பு அந்த எண்ணைச் சேர்க்காது, சதுர அடைப்பு சேர்க்கும். இரண்டு பக்கமும் சதுரம் போட்டால் சரியாக 2,50,000 கேட்டவருக்கு இரண்டு வரி பொருந்தும், யுனிக் அங்கேயே பிழை என்று கத்தும். ஃபர்ஸ்ட் போட்டிருந்தால் சத்தமே இல்லாமல் மேல் வரியை எடுத்திருக்கும், நாளைக்கு யாராவது வரிகளை இடம் மாற்றினால் விடையும் மாறும். என்னைக் கேட்டால் ஃபர்ஸ்ட் பெரும்பாலும் யோசிக்கச் சோம்பல்பட்டவர்களின் தேர்வு.

கடன் தொகையை வெச்சு சதவீதம், சதவீதத்தை வெச்சு கடன் தொகை. சுத்திச் சுத்தி வருதே சார்?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி. வாடிக்கையாளர் 'இவ்வளவு வேண்டும்' என்று தொகை சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை, மேலே சொன்ன அட்டவணை சதவீதத்தைத் தரும், ஒப்பிட்டுப் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் கவுன்டரில் பெரும்பாலும் கேட்பது 'இந்த நகைக்கு அதிகபட்சம் எவ்வளவு வரும்?' என்றுதான்.

நகை மதிப்பு 3 லட்சம் என்று வையுங்கள். 85% போட்டால் 2,55,000. அது 2.5 லட்சத்தைத் தாண்டுகிறது, ஆகவே 85% செல்லாது. 80% போட்டால் 2,40,000. அது 2.5 லட்சத்துக்குள் இருக்கிறது, அப்படியானால் 85% கிடைக்க வேண்டுமே? அட்டவணையை வட்டமாகக் கோத்தவர்கள் இங்கே முடிவில்லாமல் சுற்றுவார்கள், அல்லது 2,40,000 என்று சொல்லி வாடிக்கையாளரைக் குறைத்து அனுப்புவார்கள். சரியான விடை 2,50,000. அது முதல் வரிசைக்குள்ளேயே இருக்கிறது, மதிப்பில் 85%-ஐத் தாண்டவும் இல்லை.

வழி இதுதான்: கலெக்ட் பாலிசியில், பெரியதை எடு என்ற வகையைப் போட்டு மூன்று வரி எழுதுங்கள், மூன்றுமே எப்போதும் பொருந்தும்படி நிபந்தனைக் கட்டத்தில் வெறும் கோடு. முதல் வரியின் விடை 2,50,000, மதிப்பில் 85%, இரண்டில் சிறியது. இரண்டாவது 5,00,000, மதிப்பில் 80%, இரண்டில் சிறியது. மூன்றாவது மதிப்பில் 75%. மூன்றில் பெரியது அதிகபட்சக் கடன். 3 லட்ச நகைக்கு 2.5, 2.4, 2.25 என்று வந்து 2.5 நிற்கும். 6.5 லட்ச நகைக்கு 2.5, 5, 4.875 என்று வந்து 5 நிற்கும். வரைபடத்தாளில் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 2.94 லட்சம் முதல் 3.125 லட்சம் வரை மதிப்புள்ள எல்லா நகைக்கும் கடன் 2.5 லட்சத்திலேயே தேங்கி நிற்பது தெரியும். விதியின் இயல்பு அது, மென்பொருளின் கோளாறு இல்லை. இதை முன்கூட்டியே கவுன்டரில் சொல்லி வைப்பது நல்லது.

இந்தக் கணக்கு வாடிக்கையாளருக்குப் பழைய கடன் இல்லை, வட்டி மாதாமாதம் கட்டுகிறார் என்ற நிலைக்கு. முடிவில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், முடிவில் திரும்பி வர வேண்டிய மொத்தத் தொகையை வைத்துத்தான் அந்தச் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். 2 லட்ச நகைக்கு உச்சம் 1,70,000, ஆண்டு வட்டி 10% என்று கொண்டால் இன்று கையில் கொடுக்கக்கூடியது சுமார் 1,54,500 மட்டுமே.

எல்லாத்தையும் ஒரே டேபிள்ல போட்டா பெருசாயிடுதே?

பிரியுங்கள். டிஎம்என்-இல் முடிவுத் தேவைப் படம் என்று ஒன்று உண்டு, செவ்வகம் முடிவு, நீள்வட்டம் உள்ளீட்டுத் தரவு. 'அதிகபட்சக் கடன்' மேலே. அதற்குக் கீழே 'நகை மதிப்பு' என்ற தனி முடிவு, அதற்குக் கீழே நிகர எடை, கேரட், விலை. கல், அரக்கு எல்லாம் கழித்த எடையைத்தான் எடுக்க வேண்டும் என்பதால் நிகர எடையே ஒரு குட்டி முடிவாக நிற்கலாம். எந்தச் சுற்றறிக்கையின் அடிப்படையில் இது என்பதைக் காட்டவும் தனிச் சின்னம் இருக்கிறது, கீழ் ஓரம் அலை அலையாக இருக்கும்.

இன்னொரு லாபம்: கடன் காலம் முழுக்க இந்தச் சதவீத வரம்பைக் காக்க வேண்டும் என்பதும் விதி. விலை இறங்கும் நாளில் எல்லாக் கணக்கையும் சரிபார்க்கும் வேறொரு செயல்முறை உங்களிடம் இருக்கும், இல்லாவிட்டால் இருக்க வேண்டும். அதுவும் இதே 'நகை மதிப்பு' முடிவைக் கூப்பிடலாம், இரண்டாவது முறை எழுத வேண்டாம்.

டேபிள் சரியாத்தான் இருக்கு, ஆனா சில நேரம் விடையே வரலை. ஏன்?

முதலில் உள்ளீட்டைப் பாருங்கள். டிஎம்என் பயன்படுத்தும் ஃபீல் என்ற சிறு மொழியில், இல்லாத மதிப்பை எண்ணோடு ஒப்பிட்டால் பொய் என்று வராது, வெறுமைதான் வரும். எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டாலும் அப்படியே. எக்செல்லில் இருந்து வந்த '2,50,000' காற்புள்ளியோடு எழுத்தாக வந்திருக்கும், எந்த வரியும் பொருந்தாது. அட்டவணை வெறுங்கையோடு திரும்பும், அடுத்த கேட்வேயில் டிஃபால்ட் கோடும் (வேறு எதுவும் பொருந்தாதபோது போகும் வழி) இல்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

முடிவு டாஸ்க்குக்கு முன்னால் தகவல் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு படி வையுங்கள், குறை இருந்தால் மதிப்பீட்டாளருக்கே திருப்பி அனுப்பட்டும். டிஃபால்ட் கோட்டை ஆள் பார்க்கும் வரிசைக்கு விடுங்கள், 'மறுப்பு' பக்கம் விடாதீர்கள். தகவல் வராததற்கு வாடிக்கையாளருக்குக் கடன் மறுக்கக் கூடாது.

விதி மாறினா நடுவுல ஓடிக்கிட்டிருக்கற விண்ணப்பம் என்ன ஆகும்?

நீங்கள் எதைச் சொல்லி வைத்திருக்கிறீர்களோ அது. கமுண்டாவில் பிசினஸ் ரூல் டாஸ்க் அட்டவணையின் புதிய பதிப்பைக் கூப்பிடலாம், அல்லது செயல்முறையோடு சேர்த்து ஏற்றிய பதிப்பையே பிடித்துக்கொள்ளலாம். எதுவும் சொல்லாவிட்டால் புதியது. மார்ச் கடைசியில் தொடங்கிய விண்ணப்பம் ஏப்ரலில் புது விதியில் முடியும்.

ரிசர்வ் வங்கி விதி இங்கே தெளிவு: நிறுவனம் புது விதிக்கு மாறும் முன் ஒப்புதலான கடன்களுக்குப் பழைய விதியே தொடரும். ஆகவே தொடங்கிய தேதி முக்கியமில்லை, ஒப்புதல் தேதிதான் முக்கியம். இதைப் பதிப்பு எண்ணில் ஒளித்து வைக்காமல் ஒப்புதல் தேதியையே அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகப் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய 75% வரியும் புது மூன்று வரிகளும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். நாலைந்து முறை விதி மாறி அட்டவணை வீங்கிவிட்டால் அப்போது பதிப்பாகப் பிரித்துக்கொள்ளலாம்.

டேபிள் ஒண்ணு சொல்லுது, மேனேஜர் வேற சொல்றார். யார் பேச்சைக் கேக்கறது?

சட்ட வரம்பு என்றால் அட்டவணை, பேச்சே இல்லை. வங்கியின் சொந்தக் கொள்கை என்றால் மேலாளருக்கு இடம் விடலாம். முடிவு டாஸ்க்குக்குப் பிறகு ஒரு யூசர் டாஸ்க் (ஆள் செய்யும் வேலை), அதில் அட்டவணை சொன்ன விடை, அவர் மாற்றிய விடை, காரணம், மூன்றும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை எழுதி அழித்துவிட்டால், அட்டவணையின் எந்த வரியை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்பது பிறகு தெரியவே தெரியாது. அட்டவணையைத் திருத்த அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

ஏஐ மாடல் ஒண்ணு வெச்சிருக்கோம், அதையே முடிவெடுக்க விடலாமா?

அதன் விடையை ஓர் உள்ளீடாக விடலாம். 'இந்தப் புகைப்படத்தில் இருப்பது முலாம் பூசியதாக இருக்க 0.8 வாய்ப்பு' என்று மாடல் சொல்லட்டும், 0.8 வந்தால் இரண்டாவது மதிப்பீட்டாளரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அட்டவணை சொல்லட்டும். பிஎம்எம்எல் (PMML, மாடல்களைக் கோப்பாக எழுதும் ஒரு பொது முறை) வடிவில் இருக்கும் மாடலை நேராகக் கூப்பிட டிஎம்என்-இலேயே வழி உண்டு, ஆனால் சில எஞ்சின்களுக்கு மட்டுமே அதை ஓட்டத் தெரியும். தங்க விலைக்குச் சொன்னதே இதற்கும்: மாடல் தந்த எண்ணையும் மாடலின் பதிப்பையும் சீட்டில் எழுதிய பிறகே அட்டவணைக்குக் கொடுங்கள்.

ஒரு மென்பொருள்ல வரைஞ்சதை இன்னொண்ணுல திறந்தா பாதி காணாமப் போகுது, ஏன்?

பிபிஎம்என், டிஎம்என் இரண்டுமே எக்ஸ்எம்எல் கோப்புகள்தான், படம் பெரும்பாலும் அப்படியே வரும். காணாமல் போவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு. முதல் பதிலில் சொன்ன நான்கு வருட இடைவெளி இங்கேதான் கடிக்கிறது. பிபிஎம்என் 2.0 எழுதியபோது டிஎம்என் இல்லை, அதனால் பிசினஸ் ரூல் டாஸ்க் எந்த அட்டவணையைக் கூப்பிட வேண்டும் என்று எழுதப் பொதுவான இடம் அதில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த நீட்சியில் எழுதுகிறது. கமுண்டா 7-இல் எழுதிய இணைப்பைக் கமுண்டா 8 கூட அப்படியே படிக்காது.

ஆகவே மாறும்போது முடிவு அட்டவணைகளைத் தனிக் கோப்புகளாக எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் சோதனை வரிகளைக் கையில் வைத்திருங்கள், முக்கியமாக எல்லை எண்கள்: 2,50,000, 2,50,001, 5,00,000, 5,00,001, வெறுமை, காற்புள்ளியோடு எழுத்து. புதுக் கருவியில் இந்த ஆறும் பழைய விடையையே தந்தால் இணைப்பை மட்டும் கையால் மறுபடி போடுங்கள், அது அரை நாள் வேலை.